நீங்கள் ‘ஒறிஜினல்’ என்று சொன்ன கார்

அண்ணை, நீங்கள் பொய் சொன்னீர்கள். ஒரு வயதான பெண் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க, என் கைபேசியின் ஒலிபெருக்கியில், சுத்தமான நோர்வேஜிய மொழியில், “அந்தக் காரை நான் பார்த்ததே இல்லை” என்று சொன்னீர்கள். அந்தக் காரின் எஞ்சின் மூடியை, அந்தப் பொனற்றை, உங்கள் கையால்தான் திறந்தீர்கள். அதை அந்தப் பெண்ணும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

உங்கள் பெயரை இங்கே எழுதமாட்டேன். காரைச் செய்த கொம்பனியின் பெயரையும் எழுதமாட்டேன். அந்த மாதிரிக் கார் இந்த நாட்டில் மிகச் சிலவே இருக்கின்றன. பெயரைச் சொன்னால் வீட்டைத் தேடிப் பிடித்துவிடுவார்கள், அந்த வீட்டுக்காரி பட்டது போதும்.

“எழுதாதை,” என்றார் என் கணவர். “ஊர் ஆக்கள் வாசிப்பினம்.”

“வாசிக்கத்தானே எழுதிறன்.”

“பிறகு சங்க ஒண்டுகூடலுக்குப் போகேலாது.”

“நீங்கள் போங்கோ. எனக்கும் சேத்துச் சாப்பிட்டு வாங்கோ.”

அவர் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். எங்கள் சனம் எல்லாம் வாசிக்கிற இந்த இணையப் பக்கத்தில் நான் எழுதுகிறேன்.

நான் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவள். பியோர்ண்டாலில் வரிசை வீடு ஒன்றில் இருக்கிறோம். நாங்கள் குடிவந்தபோதே பக்கத்து வீட்டில் ஒரு நோர்வேஜியத் தம்பதி இருந்தார்கள். அந்த மனிதர் கப்பல் எஞ்சின் அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்களோடு பெரிதாகக் கதைத்ததில்லை. காலை வணக்கம் சொல்வார், பனி கூட என்பார், பனி குறைவு என்பார், அவ்வளவுதான். ஆனால் குடியிருப்பின் பொதுக் கராஜில் அவரிடம் ஒரு கார் இருந்தது. கூரை இல்லாத, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய பழைய ஆங்கிலேயக் கார். ரோட்ஸ்டர் என்பார்கள். கடும் பச்சை நிறம். வசந்தகாலத்தில் குடியிருப்புச் சனம் எல்லோரும் சேர்ந்து முற்றம் கூட்டிக் குப்பை அள்ளுகிற டுக்னாட் நாளில் அதை வெளியே தள்ளிக்கொண்டுவந்து கழுவுவார். இந்த நாட்டின் தேசிய நாளான மே பதினேழில் கொடி கட்டி, குடியிருப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏற்றி வீதி வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுவார். சோமாலியப் பிள்ளை, பாகிஸ்தான் பிள்ளை, எங்கள் பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அந்த ஒரு நாள் மட்டும் அவர் சிரிப்பதை நான் கண்டிருக்கிறேன்.

போன குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். மனைவிக்குப் பேர்கனில் ஒரு மகன். அங்கே மகனுக்குப் பக்கத்தில் போய் இருக்கலாம் என்று வீட்டை விற்க முடிவு செய்தார். வீட்டோடு கராஜ் இடமும் போய்விடும். கார் என்ன ஆவது? மகனுக்கு அதில் விருப்பமில்லை. கணவர் பழைய கார்க் கழகம் ஒன்றில் நெடுங்காலம் இருந்தவர், ஆனால் மனைவி அந்தப் பக்கம் போனதே கிடையாது. அங்கே யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. இணையத்தில் விளம்பரம் போட்டால் கழகத்து ஆட்களில் யாராவது கண்டு வருவார்கள் என்று நினைத்தார். அதை எழுதித் தரச்சொல்லி என்னிடம் வந்தார்.

“நீ வாகனத்தோடு வேலை செய்கிறவள்,” என்றார்.

பஸ்ஸில் எனக்குத் தெரிந்தது ஸ்டியரிங், பிரேக், பிந்தி ஓடிவந்து கதவைத் தட்டுகிற சனம். அதைச் சொன்னேன்.

“அப்படியானால் தெரிந்த யாரையாவது கேட்டு எழுது. பிழையாக ஒன்றும் எழுதிவிடாதே. என் கணவர் காரைப் பற்றி ஒரு வார்த்தை கூட்டியும் சொல்லமாட்டார், குறைத்தும் சொல்லமாட்டார்.”

எனக்கு உடனே உங்கள் நினைவுதான் வந்தது, அண்ணை. லில்லெஸ்ட்ரோமில் சொந்தக் கார்த் திருத்தகம். எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர். கார் என்றால் உங்களைத்தான் கேட்கவேண்டும் என்று எங்கள் சனம் முழுக்கச் சொல்லும். “எங்கள் ஆள் ஒருவர் இருக்கிறார், அவருக்கு இந்தக் காலத்துக் கார்கள் அத்துப்படி” என்று அந்த வீட்டுக்காரியிடம் பெருமையடித்தேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் முகம் சுடுகிறது.

நீங்கள் வந்தீர்கள். வீட்டுக்காரி கராஜுக்கே குடுவையில் கோப்பியும் சூடான வாஃபலும் ஜாமும் கொண்டுவந்து, ஒரு பழைய ரயருக்கு மேல் பலகை வைத்துத் துணி விரித்துப் பரிமாறினார். நீங்கள் போர்வை போர்த்தியிருந்த காரைக் கண்டதும் அதையெல்லாம் திரும்பியும் பார்க்கவில்லை. நான் போர்வையை இழுத்ததும் கத்தினீர்கள்.

“என்ரை அம்மாளாச்சி! தங்கச்சி, உதெங்கை பிடிச்சனி?”

“பிடிக்கேல்லை அண்ணை. இந்த அம்மான்ரை. அவவின்ரை மனுசன் செத்துப்போனார். விக்கப்போறா. என்ன கார், என்ன நிலைமை எண்டு பாத்துச் சொல்லுங்கோ, நான் எழுதவேணும்.”

“இதிலை பாக்க என்ன கிடக்கு? இந்த எஞ்சினுக்குள்ளை தலையை விட்டுத்தான் நான் வளந்தனான். அப்பா வாடகைக்கு ஓடின ஹயர் காருக்கும் இதே எஞ்சின்தான்.”

பொனற்றைத் தூக்கினீர்கள். குனிந்து முகர்ந்து பார்த்தீர்கள். எஞ்சினில் பொறித்திருந்த எண்ணை விரலால் துடைத்து வாசித்தீர்கள். அப்போது உங்கள் முகத்தில் இருந்தது நடிப்பல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

“பெற்றோல் எஞ்சின். டீசல் மாத்தேல்லை. ஜப்பான்காரன்ரை ஒரு ஆணிகூட இல்லை. எழுது தங்கச்சி, எஞ்சின் ஒறிஜினல்.”

“வடிவாத் தெரியுமே?”

“என்ன கேக்கிறாய் நீ? டொக்குத்தரிட்டைப் போய் இது காய்ச்சல்தானோ எண்டு கேப்பியே? ஒறிஜினல் எண்டால் ஒறிஜினல். கொம்பனிச் சாமான்.”

பிறகு பொனற்றை மூடி, விரல் மடக்கித் தட்டினீர்கள். சத்தம் உங்களுக்குப் பிடிக்கவில்லை. பூச்சு உரிந்திருந்த இடத்தை நகத்தால் சுரண்டினீர்கள்.

“இதுதான் பிழை. பாத்தியே, கறள் இல்லை, துருப்பிடிக்கேல்லை. அலுமினியம். சட்டி செய்யிற சாமான். ஆரோ பிறகு தட்டி அடிச்சுப் போட்டிருக்கிறான். கதவும் அப்பிடித்தான். அதையும் எழுது, பொனற்றும் கதவும் ஒறிஜினல் இல்லையெண்டு. ஒளிக்கக்கூடாது.”

ஒளிக்கக்கூடாது என்றீர்கள். அந்தச் சொல் உங்கள் வாயிலிருந்துதான் வந்தது.

அவர் என்ன சொல்கிறார் என்று வீட்டுக்காரி கேட்டார். எஞ்சின் ஒறிஜினலாம், பொனற்றும் கதவும் பிறகு போட்டவையாம் என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். “அப்படியா? பொனற்றில் சாயாதே, சாயாதே என்று என் கணவர் என்னை ஏசிக்கொண்டே இருப்பார். ஏனென்று நான் கேட்டதே இல்லை,” என்றார் அவர். நீங்கள் வாஃபலைச் சாப்பிட்டு, நல்ல கார், நல்ல வாஃபல் என்று அவருக்கு நோர்வேஜிய மொழியில் சொன்னீர்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்து, உங்கள் கைபேசியில் என்னைக்கொண்டு படம் எடுப்பித்தீர்கள். “கொஞ்சம் கிட்டவா எடு, வயிறு தெரியாமல்” என்றீர்கள். மூவரும் சிரித்தோம்.

நான் விளம்பரத்தை எழுதினேன். எஞ்சின் ஒறிஜினல். பொனற், கதவுகள் ஒறிஜினல் அல்ல. எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, என் பெயரையும் என் தொலைபேசி இலக்கத்தையும் போட்டேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் என்னுடையதைப் போடச் சொன்னார். பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்து காட்டக் கராஜ் சாவியையும் என்னிடம் தந்தார்.

முதலில் தொலைபேசி எடுத்த மனிதர் விலை கேட்கவில்லை. யாருடைய கார் இது என்று கேட்டார். நான் சொல்ல, நீங்கள் யார் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார். அடுத்து வந்த அழைப்பும் அதேபோலத்தான். கார் வாங்குகிறவர்களின் விறைப்பு இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தேன்.

பஸ் நிலையத்துச் சாப்பாட்டறையில் கூட வேலை செய்கிற நோர்வேஜியப் பெண் ஒருத்தி கைபேசியை என் பக்கம் தள்ளினாள். “இது உன் பெயர்தானே?” அவளுடைய தம்பி பழைய கார்ப் பைத்தியமாம். அந்தக் கழகத்தின் இணையப் பக்கத்தில் எங்கள் விளம்பரத்தை அப்படியே படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். அதன் கீழே யாரோ எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: இது காலமான நம் நண்பரின் கார்போல இருக்கிறது. ஆனால் அவருடைய காரின் பெருமையே அந்த அலுமினிய பொனற்றும் கதவுகளும்தான். எஞ்சின் மாற்றியது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இதில் தலைகீழாக எழுதியிருக்கிறது. அப்படியானால் இது அந்தக் கார்தானா, அல்லது கழற்றி விற்றுவிட்டு வேறு எதையோ பூட்டியிருக்கிறார்களா? விற்கிற பெண் யார்? அவருடைய மனைவியை யாராவது ஏமாற்றுகிறார்களா?

அதற்குக் கீழே சனம் எழுதிக்கொண்டே போனது. என் பெயரைப் பார்த்துச் சிலர் எழுதியதை இங்கே திருப்பி எழுத மாட்டேன். அதை நான் தாங்குவேன், பஸ்ஸில் அதைவிட மோசமாகக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒருவர் வேறு மாதிரி எழுதியிருந்தார். ஒருவேளை செத்த மனிதர்தான் இத்தனை காலமும் எங்களுக்குப் பொய் சொல்லியிருப்பாரோ, மனைவிக்கு உண்மை தெரிந்திருக்குமோ என்று. அதற்குப் பலர் விருப்பம் போட்டிருந்தார்கள்.

என் முன்னால் சாப்பாட்டுப் பெட்டி திறந்தபடி கிடந்தது. அந்தப் பெண் “பிழை ஏதாவது நடந்திருக்கும்” என்று மெல்லச் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து வேறு மேசைக்குப் போனாள். வேலை தொடங்கியது, போனாள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்கு அன்றைக்கு இன்னும் இடைவேளை முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி என் கதவடியில் நின்றார். கழகத்தின் பக்கத்தைக் கண்டுவிட்டுப் பேர்கனிலிருந்து மகன் தொலைபேசி எடுத்திருக்கிறார். வீட்டுக்காரி என் முகத்தைப் பார்க்காமல் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“மகன் சொல்கிறான், கராஜ் சாவியைக் கொஞ்ச நாளைக்கு நானே வைத்திருக்கவேண்டுமாம். நான் அப்படி நினைக்கவில்லை. அவன்தான் சொல்கிறான்.”

அந்தச் சாவி என்னுடைய திறப்புக்கோர்வையில் இறுகிக் கிடந்தது. அவரே பிடித்து உதவி செய்தார். இருவருமாகக் கழற்றினோம்.

சில நாளில் கழகத்திலிருந்து ஒரு கிழவர் வந்தார். வீட்டுக்காரி என்னையும் கூப்பிட்டார். கிழவர் எனக்குக் கை தரவில்லை. நேரே கராஜுக்குப் போனார். ஒரு காந்தம் இருக்கிறதா என்று கேட்டார். வீட்டுக்காரி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த ஒன்றைக் கொண்டுவந்தார், மீன் வடிவத்தில். கிழவர் அதைப் பொனற்றில் வைத்தார். வழுக்கி விழுந்தது. கதவில் வைத்தார். வழுக்கியது. சில்லுக்கு மேலே மட்கார்டில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. அவர் நிமிர்ந்து பெருமூச்சு விட்டார்.

“அவனுடையதுதான்,” என்றார்.

இந்த மாதிரிக் கார் முதன்முதலில் செய்தபோது சிலவற்றுக்கு மட்டும் பொனற்றையும் கதவையும் அலுமினியத்தில் போட்டார்களாம். பிறகு எல்லாம் இரும்பு. இது அந்த முதல் சிலவற்றில் ஒன்று. இதன் அருமை முழுக்க அதில்தான். நீங்கள் சட்டி என்று தட்டினீர்களே, அதில்தான்.

பிறகு பொனற்றைத் திறந்து, எஞ்சின் அறையின் பின்சுவரில் ஆணியடித்திருந்த சிறிய தகட்டைக் காட்டினார். தொழிற்சாலையில் அடித்தது. காரின் எண் அதில் இருந்தது, எஞ்சினின் எண்ணும் இருந்தது. எஞ்சினில் பொறித்திருந்ததோ வேறு எண். நீங்கள் எஞ்சினில் இருந்ததை மட்டும் வாசித்தீர்கள். பின்சுவரைப் பார்க்கவே இல்லை.

“மலைப்பாதையில் எஞ்சின் உடைந்தது. நான்தான் கட்டி இழுத்துவந்தேன்,” என்றார் கிழவர். “அதே கொம்பனியின் குடும்பக் காரில் இருந்து ஒன்றை எடுத்து அவனே பூட்டினான். எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் கேட்காதவனுக்கும் கூப்பிட்டுச் சொல்வான், இது பிறந்த எஞ்சின் அல்ல என்று. பரிசு கிடைக்காது என்று தெரிந்தும் சொல்வான். அவன் காரில்போய் ஒறிஜினல் எஞ்சின் என்று எழுதிவிட்டீர்களே.” அப்போதுதான் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். “யார் சொன்னது இதை?”

வீட்டுக்காரி எனக்கு முந்திச் சொன்னார். “இவளுக்குத் தெரிந்த ஒருவர். கார் திருத்துகிறவர். இங்கே வந்து பார்த்தார்.”

“அவரோடு கதைக்கலாமா?”

கதைக்கலாம், அவர் விளக்குவார் என்று நான் சொன்னேன். எனக்கு அப்போது நெஞ்சுக்குள் ஒரு ஆறுதல்கூட வந்தது. இதோ எங்கள் ஆள் வரப்போகிறார், ஏதோ விளக்கம் இருக்கும், சொல்லுவார், முடிந்துவிடும். ஒலிபெருக்கியைப் போட்டு உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அண்ணை, அண்டைக்குப் பாத்த கார் விசயம். கழகத்து ஆள் ஒருத்தர் இஞ்சை நிக்கிறார். ஒருக்காச் சொல்லுங்கோ, என்னெண்டு ஒறிஜினல் எண்டு கண்டனீங்கள் எண்டு. நோர்வே பாசையிலை சொல்லுங்கோ, அவர் கேட்டுக்கொண்டு நிக்கிறார்.”

பின்னால் உங்கள் திருத்தகத்தில் காற்றுக்குழாய்ச் சத்தம். பிறகு நோர்வேஜிய மொழியில், மிக மரியாதையாக: “மன்னிக்கவேண்டும், எந்தக் கார் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் காரை நான் பார்த்ததே இல்லை. இந்தப் பெண்மணி யாரோடோ மாறி நினைத்திருக்கலாம்.” வைத்துவிட்டீர்கள்.

கிழவர் கைபேசியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்காரியைப் பார்த்தேன். உங்களுக்கு வாஃபலுக்கு ஜாம் பூசிக் கையில் கொடுத்தவர் அவர். உங்கள் குரல் அவருக்குத் தெரியும். காது மந்தம்தான், அன்றைக்குக் கேட்டது.

அவர் சொன்னார், “அவருக்கு வேலை அதிகமாக இருக்கும். எந்தக் கார் என்று விளங்கியிருக்காது.”

என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் உங்களைக் காப்பாற்றினார், அண்ணை. அவர் என்னை ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன், அது எனக்கு வரும். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கராஜின் சீமெந்துத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் சனத்தில் ஒருவர், நான் பெருமையடித்துக் கூட்டிவந்தவர், இன்னொரு நாட்டுப் பெண்ணின் முன்னால் இப்படிச் செய்ய, அதை மறைக்கிற வேலையை அந்தப் பெண்ணே செய்யவேண்டி வந்தது. அந்த இடத்தில் நானாக நிற்பது எனக்கே அருவருப்பாக இருந்தது.

அன்று பின்னேரம் நீங்களே தொலைபேசி எடுத்தீர்கள்.

“தங்கச்சி, நீ ஆக்களுக்கு முன்னாலை அப்பிடித் திடீரெண்டு எடுக்கலாமே?”

“நீங்கள் பொய் சொல்லலாமே?”

“கொஞ்சம் யோசி. என்ரை கராச்சுக்கு வாறது முழுக்க வெள்ளையள். என்ரை பேர் உதுக்குள்ளை வந்தால் நான் கடையைப் பூட்டவேணும். நீ பஸ் ஓடுறனி, உனக்கு ஒண்டும் வராது. பிழையா விளங்கிக்கொண்டன் எண்டு சொல்லிவிடு, முடிஞ்சுது அலுவல்.”

“அந்த மனுசியின்ரை புருசனைப் பொய்யன் எண்டு எழுதிறாங்கள், அண்ணை.”

“செத்த ஆளுக்கு என்னடி?”

நான் வைத்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் இதையெல்லாம் கணவருக்குச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி ஒன்று கேட்டார்.

“அவர் சொன்னதிலை என்ன பிழை? ஒறிஜினல் எண்டால் டூப்ளிக்கற் இல்லையெண்டதுதானே.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் யுத்தத்தால் பெற்றோல் வராத காலத்தில் பழைய ஆங்கிலேயக் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. பிறகு கைக்குக் கிடைத்த ஜப்பான் டீசல் எஞ்சினைப் பூட்டி ஓடின. கொம்பனியின் சொந்த எஞ்சின் உள்ளே இருந்தாலே அது ஒறிஜினல். எப்போது பூட்டினது, எந்தக் காரில் இருந்து கழற்றினது என்று யாரும் கேட்டதில்லை. கடையிலும் அப்படித்தானே கேட்போம், ஒறிஜினல் இருக்கா, இந்தியன் சாமான் இருக்கா என்று. நோர்வேஜிய மொழியில் அதே சொல்லுக்கு இன்னொரு பொருள்: அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த அன்று அதற்குள் இருந்த அதே எஞ்சின். சொல் ஒன்றுதான். அதனால்தான் நான் மாற்றி யோசிக்காமல் அப்படியே எழுதினேன். வேறு எந்தச் சொல்லாக இருந்தாலும் அகராதியைப் பார்த்திருப்பேன்.

ஆகவே அன்றைக்குக் கராஜில் நீங்கள் பொய் சொல்லவில்லை. எங்கள் தமிழில் நீங்கள் சொன்னது உண்மைதான். அலுமினியத்தில் பிழை விட்டீர்கள், யாரும் விடுவார்கள். இதை நீங்கள் தொலைபேசியில் சொல்லியிருந்தால் அந்தக் கிழவர் சிரித்திருப்பார். நானும் சிரித்திருப்பேன்.

அடுத்த நாளே கழகத்தின் இணையப் பக்கத்தில் என் சொந்தப் பெயரில் எழுதினேன். நான் யார், எந்தப் பஸ் ஓட்டுகிறேன், அந்தச் சொல் எங்கள் மொழியில் என்ன பொருள் தரும், எப்படிப் பிழை நடந்தது, அந்த மனிதரோ அவர் மனைவியோ யாருக்கும் பொய் சொல்லவில்லை. சிலர் நல்ல மாதிரி மறுமொழி எழுதினார்கள். ஒருவர் எழுதினார்: கெட்டித்தனமான விளக்கம். ஆனால் அந்த நிபுணர் எங்கே? அப்படி ஒருவர் இருக்கிறாரா? அதற்கு நான் மறுமொழி எழுதவில்லை. உங்கள் பெயரை அங்கே போட எனக்குக் கை வரவில்லை. எங்கள் ஆள் என்ற பழக்கம். அதற்கும் வெட்கப்படுகிறேன்.

அதற்குப் பிறகுதான் ஊர்ச் சங்க ஒன்றுகூடல் வந்தது. தலைவர் உரை. இந்த நாட்டில் நாங்கள் எப்படி நல்ல பெயர் எடுக்கவேண்டும் என்று தொடங்கி, நடுவில் சனத்தைச் சிரிக்கவைக்க ஒரு கதை சொன்னீர்கள்.

“எங்கடை தங்கச்சி ஒராள், பேர் சொல்லமாட்டன், இப்ப கார் யாவாரம் துவங்கியிருக்கிறா. வெள்ளைக்காரக் கிழவி ஒண்டு அலுமினியச் சட்டிக்குச் சில்லுப் பூட்டி விக்கப் பாத்தவ. நான் போய் ஒரு தட்டுத்தான் தட்டினனான். பிடிபட்டுப் போச்சு!”

மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் இருந்து ஒருவர், “அக்கா, பாத்து, பஸ்ஸையும் வித்துப்போடாதேங்கோ!” என்று கத்தினார். இன்னும் சிரித்தார்கள். மேடையால் இறங்கி, நீங்கள் அந்தக் காரில் உட்கார்ந்திருக்கிற படத்தைக் கைபேசியில் மேசை மேசையாகக் காட்டினீர்கள். நான் எடுத்த படம். நோர்வேஜியனுக்குச் சொல்லும்போது காரைப் பார்த்ததே இல்லை. எங்கள் ஆட்களுக்குப் படத்தோடு காட்டலாம். எங்கள் மேசைக்கும் வந்தீர்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்க்க, என் முகம் தன்பாட்டில் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என் வாயில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது.

இந்தக் கிழமை பக்கத்து வீட்டுக்காரி வந்து கராஜ் சாவியை என்னிடம் திருப்பித் தந்தார். மகனோடு சண்டை பிடித்தாராம். வீடு விலைப்பட்டுவிட்டது, விரைவில் பேர்கன் போகிறார். காந்தம் வைத்துப் பார்த்த அந்தக் கிழவர் காரை வாங்க ஆயத்தமாக இருக்கிறார். ஆனால் வீட்டுக்காரி விற்கமாட்டேன் என்கிறார்.

“நான் போவதற்கு முதல் கழகத்தின் ஒரு கூட்டம் இருக்கிறது,” என்றார். “அந்தக் கூட்டத்தில், என் கணவருடைய நண்பர்கள் எல்லோரும் கேட்க, யாராவது வாயால் சொல்லவேண்டும், அவர் பொய் சொல்லவில்லை என்று. அதுவரை காரைக் கொடுக்கமாட்டேன். சந்தேகத்தோடு அது போகக்கூடாது.”

“நான் வந்து சொல்கிறேன்,” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். “நீ எழுதினாய், எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் சந்தேகப்பட்டதே உன்னைத்தான். நீ சொன்னால் உன்னைக் காப்பாற்றச் சொல்கிறாய் என்பார்கள். சொன்னவர் வந்து சொன்னால்தான் நம்புவார்கள்.” பிறகு, கொஞ்சம் தயங்கி, “அவர் வருவாரா?” என்று கேட்டார்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கக் கேட்காதவர்களுக்கும் கூப்பிட்டுச் சொன்ன உண்மையை நாங்கள் ஒரு சொல்லால் அழித்துவிட்டோம். அதைத் திருப்பிக் கொடுக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். அந்த வீட்டுக்காரிக்கு நான் மறுமொழி சொல்லவேண்டும்.

ஆகவே கேட்கிறேன், அண்ணை. அந்தக் கூட்டத்துக்கு வந்து, அந்தக் காரை நான் பார்த்தேன், அப்படிச் சொன்னதும் நான்தான், அந்த மனிதரிலும் மனைவியிலும் ஒரு பிழையும் இல்லை என்று நோர்வேஜிய மொழியில் எழுந்து நின்று சொல்வீர்களா, மாட்டீர்களா? எனக்குத் தொலைபேசி எடுக்கவேண்டாம். என் கணவரிடம் சொல்லி அனுப்பவேண்டாம். நான் எழுதிய இதே இடத்தில், எங்கள் சனம் முழுக்க வாசிக்க, உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.